ஐந்து பத்திரிகைக்கு ஒரு ஜெமிமா

கடைக் கம்ப்யூட்டருக்கும் அந்தக் கறுப்புச் சிலேட்டுக்கும் நடுவே வயரைச் செருகிவிட்டு, சுகிர்தம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிலேட்டின் மூலையில் குட்டி மின்னல் ஒன்று தெரிந்தது. கம்ப்யூட்டர் எதையும் கண்டுகொள்ளவில்லை.

"என்ன ஆச்சு?" என்று கல்லாவிலிருந்து கேட்டார் அவள் கணவர் ராசையா.

"சார்ஜ் ஏறுது."

"ஏறட்டுமே. நல்லதுதான."

"நான் அதுக்கா போட்டேன்? ஜெமிமாவை உள்ள ஏத்தணும்."

பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். சுகிர்தம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மகன் பெனிட்டோ நிலக்கரிக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்கிறான். கப்பல் எண்ணூர் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்ததால், வீட்டுக்கு ஓடிவந்திருந்தான். இன்று ராத்திரிக்குள் திரும்பிவிட வேண்டும். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவனுக்குக் காது கேட்பதில்லை. ராயபுரத்து ஜெமிமாவின் பயோடேட்டாவை வாட்ஸப்பில் அனுப்பினாள். திறந்துகூடப் பார்க்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு பொம்மை அனுப்பினான்.

பிசியோதெரபி படித்த பெண். சர்ச்சில் பாடினால் ஃபேன் சத்தம்கூடக் கேட்காது. போன ஞாயிறு ஜெமிமாவின் அம்மா சுகிர்தத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "நாகர்கோவில்ல இருந்து ஒரு இடம் கேக்குதாங்க. கப்பல் அடுத்த வாட்டி வாரதுக்குள்ள உங்க பையன் ஒரு வார்த்தை சொல்லணும்" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து பெனிட்டோ ஓயாமல் பார்த்தது அந்தப் புத்தகம் படிக்கிற சிலேட்டைத்தான். நேற்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும்போதும் அதைப் பையில் போட்டுக்கொண்டு போனான். புத்தகத்தோடு புத்தகமாக ஜெமிமாவையும் உள்ளே வைத்துவிட்டால், நடுக்கடலில் பார்க்காமல் எங்கே போவான்?

"அதுல மட்டும் கை வச்சிராதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சட்டை எடுக்க வண்ணாரப்பேட்டை போயிருக்கிறான். சுகிர்தம் கை வைக்கவில்லை. வயர்தான் வைத்தாள்.

வயர் வேலைக்கு ஆகாததால் சிலேட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள். காஜா மொய்தீனின் டி.டி.பி. கடை அங்கே இருந்தது. திருவொற்றியூரில் எந்த வீட்டு விசேஷமானாலும் பத்திரிகை அந்தக் கடையில்தான் அடிக்க வேண்டும்.

காஜா வயரை விரலில் சுருட்டிப் பார்த்தார். "யக்கா, இதுல கரண்ட்டு மட்டும்தான் போவும். ஃபைலு போவாது."

"வயர்னா ரெண்டும் போக வேண்டாமா, பாய்?"

"பிளாட்பாரத்துல வாங்கின வயருக்கு கரண்ட்டு போறதே பெருசுக்கா."

மேசை இழுப்பறையைக் குடைந்து வேறு வயரை எடுத்துச் செருகினார். கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. திரையில் ஒரு கட்டம் குதித்து வந்தது. அதே நேரம் வாசலில் யாரோ, "பாய், ஆதாரு ஜெராக்ஸு!" என்று கத்தினார்கள்.

"ஒண்ணியும் தொடாதக்கா, இதோ வந்துட்டேன்."

சுகிர்தம் கட்டத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஏதோ வேண்டுமா என்று கேட்கிறது, அது புரிந்தது. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆமாம் என்பதை அமுக்கினாள். உடனே இன்னொரு கட்டம் வந்து, நிஜமாகத்தானா என்பதுபோல மறுபடி கேட்டது. இவ்வளவு மரியாதையாக யார் கேட்கிறார்கள் இந்தக் காலத்தில்? அதற்கும் ஆமாம் என்றாள்.

காஜா திரும்பி வந்து திரையைப் பார்த்தார். கையிலிருந்த ஜெராக்ஸ் நழுவியது.

"யக்கா! இன்னா அமுக்கினே?"

"வேணுமான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

"உள்ள கீறது எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேட்டுக்கீதுக்கா!"

"எனக்கென்ன தெரியும்? அவ்வளவு தன்மையாக் கேட்டுச்சே."

சிலேட்டைத் தட்டினார்கள், தடவினார்கள், அணைத்து எழுப்பினார்கள். வரிசையாக இருந்த புத்தகம் ஒன்றுகூட இல்லை. கழுவிவிட்ட சர்ச் தரைபோலப் பளிச்சென்று இருந்தது.

சுகிர்தம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "பிள்ளை கடல்ல என்ன பாய் படிப்பான்? அங்க தண்ணியைத் தவிர என்ன இருக்கு?"

"அழுவாதக்கா, பேஜாராவுது. எதுனா பண்ணலாம்."

"எதையாவது போட்டு நெரப்பு. வெளிய இருந்து பாத்தா நெறைய இருக்கணும். மிச்சத்தை நான் ஜெபத்துல பாத்துக்கிடுதேன்."

காஜா தன் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு நீளமான ஃபைலைத் தூக்கிப் போட்டார். திறந்தால், ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது.

"இது என்ன பாஷை?"

"தமிழுதான்க்கா. என் ஃபான்ட்டு இதுக்குள்ள இல்ல. அதான் இப்டி உளறுது."

உள்ளே லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சபீஹா தலையை மட்டும் நீட்டினாள். "பிரஸ்ஸுக்கு அனுப்புற பி.டி.எஃப். எல்லாம் சும்மாத்தானே கெடக்குது? அதைப் போடுங்களேன்."

போட்டார். சிலேட்டில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் நிறைந்தன. நீலமேகம் மகள் திருமணம். பக்தவச்சலம் புதுமனை புகுவிழா. ரமாபாய் பேரனுக்குக் காதணி விழா. அப்துல் வஹாப் வீட்டு நிக்காஹ். நடுவில் மாலை போட்ட ஒரு படமும் வந்தது.

"கண்ணீர் அஞ்சலிகூடவா, பாய்?"

"கலீஜாயிடும்ல? எட்துடறேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். கதைன்னா யாராவது சாகத்தான செய்வாங்க."

கடைசியாக சுகிர்தத்தின் போனிலிருந்து ஜெமிமாவின் பயோடேட்டாவும் போட்டோவும் ஏறின. சுகிர்தம் விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். கல்யாணத்துக்கு மேல் கல்யாணமாக வந்துகொண்டே இருந்தது. ஜெமிமாவைக் காணோம்.

"கடைசிப் பக்கத்துல கீதுக்கா."

"அவன் எதையும் கடைசி வரைக்கும் பாக்குத பிள்ளை இல்ல பாய். பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான்."

காஜா தாடையைச் சொறிந்தார். "அப்ப ஒண்ணு பண்லாம். அஞ்சு பத்திரிகைக்கு ஒரு ஜெமிமான்னு நடுநடுவுல சொருவிட்டா? எந்தப் பக்கம் தள்னாலும் பொண்ணு வந்து நிக்கும்."

"ரொம்ப அலையுற மாதிரி இருக்காது?"

"பஸ்ஸு பின்னாடி விளம்பரம் ஒட்றானே, அலையுறான்னா நெனைக்கிறே?"

அப்படியே செய்தார்கள். காஜா வயரை வெடுக்கென்று பிடுங்க, சிலேட்டு உறைந்துபோனது. பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் பிஸ்மில்லா சொல்ல, இன்னொருவர் ஸ்தோத்திரம் சொன்னார். சிலேட்டு ஒருமுறை கறுத்து, சிமிட்டி, பிழைத்தது. முதல் பக்கத்திலேயே ஜெமிமா லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தம் வீட்டுக்குள் நுழையவும் பெனிட்டோ மாடியேறி வரவும் சரியாக இருந்தது. ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி நிற்கிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று பறந்தான். சிலேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் சட்டைகளுக்கு நடுவே செருகினான்.

"சார்ஜ் போட்டீங்களாம்மா?"

"போட்டேன்பா." அது பொய்யில்லை. "உள்ள கொஞ்சம்... நேரம் கெடைக்கப்ப பாரு, என்ன?"

"சரிம்மா, சரிம்மா" என்றபடி ஆட்டோவில் ஏறிவிட்டான்.

அன்று சாப்பிடும்போது எல்லாவற்றையும் கேட்ட ராசையாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "ஏட்டி, அப்படியே நம்ம கடை ஆடித் தள்ளுபடி நோட்டீசையும் போட்டிருக்கலாம்ல?"

"சிரிங்க. பிள்ளை அங்க திறந்து பாத்துட்டு என்ன பாடு படுதானோ."

அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் கரையை விட்டுப் போனதும் சிக்னல் போய்விட்டது. போன் செய்தால் பாட்டுகூடப் பாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஜெமிமாவின் அம்மா மறித்தாள்.

"பையன் பாத்தானா?"

"பாத்துக்கிட்டே இருக்கான்" என்றாள் சுகிர்தம். பக்கத்தில் ஜெமிமா நின்றிருந்தாள். போட்டோவில் சிரித்த அதே சிரிப்பு. சுகிர்தத்தால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்து, கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஆன்ட்டி, பெனிட்டோ அம்மாவா? நான் செங்குட்டுவன் பேசறேன். வியாசர்பாடி. அதே கப்பல்லதான் கீறேன். இப்பதான் டவரு கெடச்சுது."

"என் பிள்ளைக்கு என்ன?"

"ஐயோ, அவன் சாப்ட்டுத் தூங்கறான் ஆன்ட்டி. நான் அந்தப் புக்கு மிஷினு விஷயமா..."

அவ்வளவுதான். சுகிர்தம் அடக்கி வைத்ததெல்லாம் அவிழ்ந்து கொட்டியது. "தம்பி, நான்தான் அதை அழிச்சுட்டேன். வேணும்னு செய்யலை. அது கேட்டுச்சு, நான் ஆமான்னேன். ஒரு புஸ்தகம் மிச்சமில்லை. அந்தப் பத்திரிகை எல்லாம் காஜா பாய் கடைது..."

"வுடுங்க ஆன்ட்டி. இங்க எல்லாரும் ஜாலியா கீறோம். வூட்டு விசேஷம் எதுக்கும் நாங்க போறதில்லையே. இப்ப டூட்டி முடிஞ்சா தெனம் ஒரு பத்திரிகையைச் சத்தமாப் படிக்கிறது, சமையல்காரரு பாயசம் வைக்கிறாரு. நேத்து காதுகுத்து. முந்தாநேத்து பக்தவச்சலம் வூடு பால் காய்ச்சினோம்."

ராசையா பக்கத்தில் வந்து காதை வைத்தார். சுகிர்தம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேட்கவே பயந்த கேள்வியைக் கேட்டாள்.

"பெனிட்டோ கோவமா இருக்கானா, தம்பி? அஞ்சு பத்திரிகைக்கு ஒருதரம் ஒரு பொண்ணு வருமே, அதைப் பாத்து என்ன சொன்னான்?"

மறுமுனையில் ஒரு கனைப்பு கேட்டது.

"அவன் எதுக்கு ஆன்ட்டி கோவப்படப் போறான், அந்த மிஷினு என்னுதாச்சே, பேட்டரி மாத்தினு வரச் சொல்லி நான்தான் அவன்கிட்ட குட்துவுட்டேன், அந்தப் பொண்ணு வூட்ல சொல்லிடுங்க, எனக்குச் சம்மதம்."