துடைத்தாலும் போகாத மாமா

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தவிர. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் வரைந்து, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டுக் கொடுத்த மாமாவின் படத்தை நீங்கள் ஈரத்துணியால் துடைக்க, மீசை தாடைக்கு இறங்கி, தாடை சட்டைக்கு இறங்கி, மறைந்த மனிதர் இரண்டாம் முறையும் மறைந்ததை நான் மறக்கவில்லை. "மூஞ்சியத் தொடச்சேன், போயிட்டாருடி" என்று போனில் சொன்னீர்களே, அதன்பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி போட்டு மாட்டலாமென்றால், அதில் அவர் தெரியவில்லை, உங்கள் முகம்தான் தெரிகிறது என்கிறீர்கள். அவர் முகத்தைத் துடைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே துடைத்தாலும் போகாத மாமாவை உங்களுக்குத் தருவதென்று முடிவுகட்டினேன்.

முதலில் அப்பா கதவுக்கு அடித்து மிச்சம் வைத்திருந்த வார்னிஷைத் தடவினேன், மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. அண்ணன் காருக்கு அடிக்கும் பூச்சைக் கொண்டுவந்தான், காகிதம் எண்ணெய் குடித்ததுபோல் ஆகி, பின்னாலிருந்த மேசை மாமாவின் நெற்றி வழியாகத் தெரிந்தது. அம்மா தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்துப் பார்த்தாள், பிசுபிசுப்பு காயுமுன் ஒரு ஈ வந்து மூக்கில் ஒட்டிக்கொள்ள, "உங்க மாமாவுக்கு அங்க மச்சம் கிடையாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் ஓவியப் பொருள் விற்கும் கடைக்காரம்மாதான், இங்க்ஜெட் படத்துக்கென்றே ஸ்ப்ரே உண்டு, மை நன்றாகக் காய்ந்தபின் தள்ளிப் பிடித்து மெல்லிசாக அடி, காயவிட்டுத் திரும்ப அடி, ஒரேயடியாக நனைத்துவிடாதே என்று விளக்கினார். பளபளப்பு வகை வேண்டுமா, மங்கல் வகை வேண்டுமா என்றார். பளபளப்பில் மறுபடி உங்கள் முகம்தான் தெரியும், அதனால் மங்கல் வகை வாங்கினேன். மொட்டைமாடியில் அடிக்கும்போது காற்று திசை மாறி, படம் ஒட்டிய அட்டையைப் பிடித்திருந்த அப்பாவின் கண்ணாடியிலும் ஒரு பூச்சு விழுந்தது. "உலகமே சாந்தமா தெரியுதும்மா" என்றவர் இன்னும் அதையேதான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

காய்ந்ததும் அம்மா ஈரத்துணியோடு வந்து, "அண்ணி கை இப்படித்தான் போகும்" என்று பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். மங்கல் பூச்சில் கறுப்பு முன்னைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் மீசை இம்மியும் நகரவில்லை, அத்தை.

அப்பா இன்று காலை பார்சல் அனுப்பிவிட்டார். வந்ததும் தயங்காமல் நெற்றி, கன்னம், மீசை எல்லாம் துடையுங்கள். அழுத்தியே துடையுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பும், உங்கள் ஈரத்துணிக்கு என் வணக்கமும்.

என்றும் உங்கள் ஆசியை வேண்டும்,
தம்பி மகள்

பி.கு.: மேசைமேல் ஒரு மாமா இருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்கப் பூச்சில்லாத படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தேன். இருப்பவரை ஈரவிரலால் தேய்த்துப் பார்த்தேன், மீசை நகரவில்லை; அப்படியானால் பார்சலில் போனவர் பூச்சில்லாதவர். அப்பாவிடம் கேட்டால், "ரெண்டுல எது பளிச்சுனு இருந்துச்சோ அதத்தான் அக்காவுக்கு அனுப்பினேன்" என்கிறார், அந்தக் கண்ணாடி வழியே என்னைச் சாந்தமாகப் பார்த்து. உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன், உங்கள் போன் அடிக்கவேயில்லை. அதையும் துடைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. மாமாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன். இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவந்து தருகிறேன். பார்சல்காரர் முந்திக்கொண்டிருந்தால், துணியைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.