சின்னப்பாவின் குட்டையும் என் செம்மண் உருண்டைகளும்

காஜா பேராங், மலாக்கா
24.8.1957

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு இரசாயனம் கற்பிக்கும் அருமை மைத்துனர் மாணிக்கவாசகம் அவர்களுக்கு, தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றும் ஓயாத அத்தான் கருணாகரன் எழுதுவது. நானும் உங்கள் அக்காள் சாரதாம்பாளும் சுகம். அங்கும் அவ்வாறே இருக்க முருகன் அருள்வானாக.

நிற்க. பக்கத்து வீட்டில், வீட்டுக்குள்ளும் மலாயே பேசும் மலாக்காச் செட்டி சின்னப்பா, மெர்டேகா சுதந்திர நாள் விருந்துக்கென்று குட்டையில் ஜப்பான் மீன் எனும் திலாப்பியா வளர்க்கிறார் அல்லவா, அந்தக் குட்டை போன மாதம் பாண்டான் இலையை அரைத்து ஊற்றியதுபோல் பச்சையாகி, மீன்களெல்லாம் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன, காரணம் தேடினால் நான் வாழைக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து அங்கே போயிருக்கிறது. உர உப்பைத் தின்றுதான் பாசி பெருகும், செம்மண்ணிலுள்ள இரும்பு அந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதினீர்களே, அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு ஜாடிப் பச்சைத் தண்ணீரில் செம்மண் போட்டேன், சேறாயிற்று. இன்னொன்றில் கரித்தூள் போட்டேன், மையாயிற்று. இரண்டையும் பிசைந்து உருட்டிச் சுட்டுப் போட்டேன், தெளிந்தது. தனித்தனியே செய்யாததைச் சேர்ந்து எப்படிச் செய்கின்றன? கரியின் நுண்ணிய துளைகளுக்குள் இரும்பு போய் உட்கார்ந்துகொள்கிறதா?

சுடுவதற்கு உங்கள் அக்காளின் மீன் சட்டியைத்தான் எடுத்தேன். "இனிமே இதுல நீங்களே கொழம்பு வச்சுக்குங்க"ன்னுட்டா. உருண்டைகளைத் தட்டில் ஆறவைத்தால், விருந்துக்கு அழைக்க வந்த சின்னப்பாவின் மனைவி சிவகாமி பலகாரமென்று ஒன்றைக் கடித்து, மரியாதைக்காக விழுங்கியும்விட்டார். "செடாப், தாப்பி கெராஸ் சிக்கிட்" என்று, ருசிதான், கொஞ்சம் கெட்டி என மலாயில் சொல்லி, பல்லைத் தடவிக்கொண்டே போனார். மிச்சத்தைச் சாக்கில் கட்டிக் குட்டையில் இறக்கினேன். ஒரே வாரத்தில் அடிமண் தெரிகிறது. சின்னப்பா என்னை டாக்டர் என்கிறார். இதை உங்கள் ஆசிரியர் சங்கத்தில் அவசியம் வாசித்துக் காட்டவும்.

உங்கள் கல்வியும் குடும்பமும் செழிக்க ஆசீர்வதிக்கும்,
கருணாகரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் சின்னப்பா வந்தார். "ஜாங்கான் மாரா" என்று, கோபப்படாதீர்கள் எனத் தொடங்கினார். சாக்கை இறக்கிய மறுநாளே மீன்களைத் தொட்டிக்கு மாற்றி, குட்டையை இறைத்துக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினாராம். என் மனம் நோகுமென்று சாக்கை மட்டும் திரும்பப் போட்டிருக்கிறார். சங்கத்தில் வாசிக்க வேண்டாம். பச்சைத் தண்ணீர் எங்கே போயிற்று என்றேன். சாக்கடை வழியே வக்கீல் தம்பிராஜாவின் தாமரைக் குளத்துக்குப் போய், அதுவும் பச்சையாகிவிட்டதாம். சின்னப்பாவின் பேச்சை நம்பி வக்கீல் நாளைக் காலை என் உருண்டைகளைக் கேட்டு வருகிறார். அந்தக் குளத்தை யாராலும் இறைக்க முடியாது. எத்தனை உருண்டை போடுவது? தந்தி அடியுங்கள்.