பேசும் போர்வை

1997 மார்ச்சில் சாலைக் கடைத்தெருவுக்குத் தினமும் இரவு ஏழரைக்குக் கரண்ட் போகும், எட்டுக்கு வரும். குழந்தைகளுக்கும் தெரியும்.

தமிழ் மன்றத்தின் ஆண்டுவிழா நாடகம் ஏழு மணிக்கு.

"ஜெனரேட்டர் கிட்டாது. கல்யாண சீசன்" என்றார் மன்றச் செயலாளர் ரத்னாபாய். "போன வருசம் கடைசி சீன்ல நாலு பேரு இருந்தாவ. அதுல ஒருத்தர் உறக்கம். இந்த வருசமும் அப்படின்னா அடுத்த வருசம் பாட்டுக் கச்சேரிதான். கமிட்டி முடிவு பண்ணியாச்சு."

சிவதாணு ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர். மாலையில் நாடக இயக்குநர். அதுவும் போனால் துணி மட்டும்தான்.

"ராஜாவ ஏழரைக்குப் பாதாளச் சிறையில தள்ளுவோம்" என்றார். "எட்டுக்கு விடுதலை. பாதாளத்துல எதுக்கு லைட்டு?"

"ஆளுக காண வேண்டாமா?"

"கேட்டாப் போதும். புதுமுறை."

ராஜா வேடம் வீரபாண்டிக்கு. ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். புதுமுறை அவனுக்கு உடனே பிடித்தது.

"அண்ணாச்சி, இருட்டுன்னா என் முகம் தெரியாதுல்லா? ஜெயில் சீன் எனக்குப் பாடமே ஆகல. வேற யாராவது பேசட்டும்."

சர்ச்சில் வேதம் வாசிக்கும் யோசுவாவின் குரல் கிடைத்தது. அவரால் பார்த்துத்தான் வாசிக்க முடியும். டார்ச் கொடுத்தார்கள். வெளிச்சம் வெளியே தெரிந்தது. கம்பளிப் போர்வை கொடுத்தார்கள்.

"வேர்க்கும்" என்றார் யோசுவா.

"அரை மணிக்கூறுதானே, சாரே."

நாடகத்தன்று முதல் காட்சிக்கு முன் இரண்டு வரிசை மட்டும் நிரம்பியது. ஏழரைக்குத் திரை விழுந்தது. வீரபாண்டி கிரீடத்தைக் கழற்றிவிட்டு டீயோடு மேடையிலேயே உட்கார்ந்தான். யோசுவா போர்வைக்குள் போனார். திரை உயர்ந்தது.

கரண்ட் போகவில்லை.

மேடை நடுவில் ஒரு போர்வை பேசியது: "என் நாடே! என் மக்களே!"

பக்கத்தில் ராஜா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மெயின் சுவிட்ச அணை!" என்று சிவதாணு பக்கவாட்டிலிருந்து கத்தினார். சுவிட்ச் அறை பூட்டியிருந்தது. எப்படியும் கரண்ட் போகும் என்று காவலாளி சாவியோடு வெளியே போயிருந்தார். திரையை இறக்கினார்கள். பாதியில் சிக்கியது. இப்போது ராஜாவின் கால்களும் போர்வையும் மட்டும் தெரிந்தன. மறுபடி ஏற்றினார்கள்.

"வாயை அசைடே!" என்று சிவதாணு சைகை காட்டினார்.

வீரபாண்டி வாயை அசைத்தான். குரல் முன்னால் போனது, வாய் பின்னால் ஓடியது. முன்வரிசையில் சிரிப்பு வந்தது. மூச்சு முட்டிய யோசுவா தலையை வெளியே நீட்டினார். ராஜா அந்தத் தலையைப் பிடித்து உள்ளே தள்ளினார். சிரிப்பு பின்வரிசைக்கும் போனது.

பின்வரிசையா? சிவதாணு அரங்கைப் பார்த்தார். வாசல் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

போர்வை சொன்னது: "நான் சொல்லாததை எல்லாம் நான் சொன்னதாக எழுதிவிட்டார்கள்."

ராஜா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வரி எதுவென்று வீரபாண்டிக்குத் தெரியாது.

சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும்.

ராஜா விடுதலையாகி, அரியணை ஏறி, நாடகம் முடிய எட்டே முக்கால் ஆனது. ஒரு நாற்காலியும் காலியாகவில்லை.

"அடுத்த வருசமும் நாடகம்தான்" என்றார் ரத்னாபாய். "அந்தப் போர்வை யாருக்க ஐடியா?"

"நவீன நாடகம்" என்றார் சிவதாணு. "சீரியலை விட்டுட்டு வந்திருக்காவ, பாத்தீயளா? ஜனங்களுக்கு ரசனை உண்டு. நாமதான் குடுக்கல."

வாசலில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு லைன்மேன் பிரபின் நின்றிருந்தான்.

"அண்ணாச்சி, உங்க நாடகமாச்சேன்னு ஏழரைக்கு ஹாலை மட்டும் கரண்ட் போகாத ஆஸ்பத்திரி லைன்ல மாத்தி விட்டேன். தெரு முழுக்க இருட்டு, இங்க மட்டும் ஃபேன் ஓடுது. ஆளு உள்ள கேறினது காத்துக்கு. அது செரி. எட்டு மணிக்கு எல்லா வீட்டுலயும் கரண்ட் வந்துட்டுல்லா, பின்ன எதுக்கு ஒருத்தரும் எந்திச்சுப் போகல?"