மாமனுக்கு ஆகாத பல்

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாளு வண்டிய எடுக்காத. சொன்னா கேளு."

காலை ஆறே முக்காலுக்குத் தங்கை ஆரோக்கியசெல்வி போனில் இப்படிச் சொன்னபோது, சேவியர் தன் ஆம்னி வேனின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏழரைக்குள் தவளக்குப்பம் சிக்னலைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் கம்பெனி பஸ்கள் வந்து அடைத்துக்கொள்ளும்.

"ஏன், இன்னா ஆச்சு?"

"பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிடுச்சு."

"அடி சக்கை! நல்ல விஷயம்தானே? அதுக்கு ஏன் அழுவுற?"

"மேல் பல்லுண்ணா. மொதப் பல்லே மேல் பல்லு."

சேவியர் துணியைப் பிழிந்தான். "வரட்டுமே. கீழ வந்தா இன்னா, மேல வந்தா இன்னா?"

"மேல் பல்லு மொதல்ல வந்தா தாய்மாமனுக்கு ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா? எம் புள்ளைக்கு நீ ஒருத்தன்தானேண்ணா மாமன்!"

சேவியர் வாய்விட்டுச் சிரித்தான். எட்டு மாதக் குழந்தை ஒன்று பண்டசோழநல்லூரில் வாயைத் திறந்தால், பாகூர்ப் பக்கம் வேன் ஓட்டுகிறவனுக்கு என்ன ஆகிவிடும்? "போய் வேலையப் பாரு" என்று போனை வைத்தான். வைத்த கையோடு டயர் நான்கையும் ஒருமுறை உதைத்துப் பார்த்துக்கொண்டான். அது தினமும் செய்வதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தினமும் செய்வதில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் செல்வி முதலில் போன் செய்தது அண்ணனுக்கு அல்ல, அண்ணி ஸ்டெல்லாவுக்கு. ஸ்டெல்லா சமையலறையில் நின்று அழுதபடியே கடலூரிலிருக்கும் தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் அது அக்காவுக்குப் போகாமல், வண்டி வரும் நேரத்தைப் பெற்றோர்களுக்குச் சொல்ல அவளே உண்டாக்கி வைத்திருந்த 'சேவியர் வேன்' குரூப்பில் போய் விழுந்தது.

"அக்கா, செல்வி பாப்பாவுக்கு மேல் பல்லு மொளைச்சிடுச்சுக்கா. எங்க வூட்டுக்காரருக்கு இன்னா ஆவப்போவுதோ தெரியலியே. வண்டி ஓட்டுற மனுசனாச்சே. மாதாவே, நீதான் காப்பாத்தணும்."

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் குரூப்பிலிருந்த எல்லா வீட்டிலும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஐந்து பிள்ளைகள்தான் ஏறினார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றார்கள். அவள் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். யூகேஜி பிள்ளையின் அம்மா வேலம்மாள் மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் தெருவில் நின்றே சொன்னாள்.

"இன்னா சேவியரு, தப்பா எடுத்துக்காத. நீ நல்லவன்தான். ஆனா கண்டம் இருக்கிற ஆளு ஸ்டேரிங்கப் புடிக்கலாமா? போறதுன்னா நீ தனியாப் போவலாம். புள்ளைங்களக் கூட்டிக்கினு போவக் கூடாது பாரு."

வேலம்மாளின் தம்பி செல்லப்பன் போன மாதம்தான் ஒரு பழைய வேனை வாங்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தான். அதுவரை அதில் தெருநாயைத் தவிர யாரும் ஏறவில்லை. அன்று நான்கு பிள்ளைகள் ஏறின.

இதைச் சும்மா விடக்கூடாது என்று சேவியர் முடிவு செய்தான். மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் குரூப்பில் பேசி அனுப்பினான். நல்ல தெளிவாகத்தான் பேசினான்.

"பேரன்ட்ஸ் எல்லாருக்கும் வணக்கம். பல்லு மொளைக்கிறது இயற்கை. இது மூடநம்பிக்கை. நான் பன்னெண்டு வருசமா வண்டி ஓட்டுறேன். ஒரு சின்னக் கீறல் கிடையாது. எனக்கு ஒண்ணும் ஆவாது. தைரியமா அனுப்புங்க."

அனுப்பிய பிறகு அவனே ஒருமுறை போட்டுக் கேட்டான். "எனக்கு ஒண்ணும் ஆவாது" என்ற இடத்தில் ஒரு லாரியின் நீண்ட ஹாரன் ஒலித்தது. அதைத் தொடர்ந்து, "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று யாரோ ஒருவர் கத்துவதும் கணீரென்று கேட்டது. அழிப்பதற்குள் எல்லா டிக்கும் நீலமாகியிருந்தது.

புதன்கிழமை இரண்டே பிள்ளைகள். அந்த இரண்டு பேரின் வீட்டிலும் வாட்ஸ்அப் இல்லை.

"ஏங்க, எதாவது செய்யலாங்க" என்றாள் ஸ்டெல்லா. அவளே போய், வேனுக்குள் இருந்த அந்தோணியார் படத்துக்குப் புது மாலை போட்டாள். அந்தோணியார் ஒருத்தரே எத்தனை பேரைத்தான் பார்ப்பார் என்று, வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாள்.

"கிறிஸ்துவங்க வண்டியில இது இன்னாடி?"

"பல்லு இன்னா மதம் பாத்தா மொளைச்சுது? சும்மா இருங்க."

டீக்கடையில் நின்றவர்கள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்கள். நேற்று மூடநம்பிக்கை என்று பேசியவன் இன்று மிளகாய் கட்டியிருக்கிறான் என்றால் விஷயம் பெரிதுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

சேவியருக்கு ரோஷம் வந்துவிட்டது. காகிதத்தில் எழுதி, சீல் போட்டுக் காட்டினால்தான் இந்த ஊர் நம்பும். வியாழக்கிழமை, பிள்ளைகளை விட்டுவிட்டு நேராகப் பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்டான்.

இளம் டாக்டர் ஒருத்தி பிரஷர் பார்த்தாள். முகத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"கொஞ்சம் அதிகமா இருக்கே. எதாவது டென்ஷனா?"

சேவியர் சொன்னான். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

"நிறைய குழந்தைங்களுக்குக் கீழ்ப்பல் முதல்ல வரும். சிலதுக்கு மேல வரும். அவ்வளவுதான் வித்தியாசம். உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு வாரம் உப்பைக் குறைச்சிட்டு, நிம்மதியா தூங்கிட்டு வாங்க. அப்புறம் சர்டிபிகேட் தரேன்."

நிம்மதியாகத்தான் வெளியே வந்தான். ஆனால் சர்டிபிகேட்டுக்காக அவன் ரத்தப் பரிசோதனை வரிசையில் நின்றதைத் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டிருந்தார். சேவியர் ஊருக்குத் திரும்பியபோது வீட்டு வாசலில் எட்டுப் பத்து செருப்புகள் கிடந்தன. உள்ளே ஸ்டெல்லாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடலூரிலிருந்து ஸ்டெல்லாவின் அக்கா வந்திருந்தாள். இரண்டு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தாள். சேவியர் உள்ளே நுழைந்ததும், "ஐயோ, டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவன் வேனில் அந்தோணியார் மட்டும் போனார்.

அன்று அவன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருடமாகப் பின்சீட்டில் ஏதாவது ஒரு சண்டை நடந்துகொண்டே இருக்கும். "அங்கிள், இவன் கிள்ளுறான்" என்ற சத்தம் இல்லாமல் அந்த வண்டியை அவன் பார்த்ததே இல்லை. சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய வாட்டர் பாட்டில் மூடி கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முதன்முறையாகப் பயம் வந்தது. சாவைப் பற்றி அல்ல.

ஸ்டெல்லா போனை நீட்டினாள். "யூடியூப்ல ஒருத்தர் சொல்றாருங்க. எண்ணெய்ல பாத்தா தோஷம் கழிஞ்சிடுமாம். நேரா பாக்கக்கூடாது. தட்டுல நல்லெண்ணெய் ஊத்தி, மாமன் அதுல குழந்தையோட பல்லப் பாக்கணும்."

நான்கு நாட்களுக்கு முன்பு என்றால் சிரித்திருப்பான். இப்போது, "எத்தினி லிட்டரு?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் பைக்கில் பண்டசோழநல்லூர் போனார்கள். செல்வி பித்தளைத் தாம்பாளத்தைக் கழுவி வைத்திருந்தாள். சேவியர் டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டு, தாம்பாளத்தின் மேல் குனிந்தான். செல்வியின் புருஷன் மணிவண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மச்சானின் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"தெரியுதா மச்சான்?"

"உன் மூக்குதான் தெரியுது. புள்ளையக் கீழ எறக்கு."

எண்ணெயில் குழந்தையின் முகம் வந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தது. மணிவண்ணன் பூனை மாதிரி கத்தினான். செல்வி கிலுகிலுப்பையை ஆட்டினாள். ஸ்டெல்லா குழந்தைக்கு எதிரே நின்று நாக்கை நீட்டினாள். மொத்தக் குடும்பமும் பல்லைக் காட்டியது. காட்ட வேண்டியது மட்டும் காட்டவில்லை.

"கொஞ்சம் கீழ. இன்னும் கீழ."

குழந்தையின் கால் எண்ணெய்க்கு எட்டியது. ஒரே உதை. தாம்பாளம் கவிழ்ந்து தரையெங்கும் எண்ணெய் ஓடியது.

"யாரும் எழுந்திருக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே சேவியர் எழுந்தான். கால் வழுக்கியது. ஒரு எட்டு சறுக்கிக்கொண்டு போய், அலமாரி முனையில் வாயை இடித்துக்கொண்டு விழுந்தான்.

எழுந்து உட்கார்ந்தபோது உள்ளங்கையில் ஏதோ இருந்தது. அவனுடைய முன் பல். மேல் பல்.

அப்போதுதான் குழந்தை வாயைத் திறந்து கலகலவென்று சிரித்தது. இளஞ்சிவப்பு ஈறில், அரிசி முனைபோல ஒற்றைப் பல் பளிச்சென்று மின்னியது. ரத்தம் ஒழுகும் வாயோடு சேவியர் அதை நேருக்கு நேர் பார்த்தான். எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

இனி ஊரில் தலைகாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டே திங்கட்கிழமை வண்டியை எடுத்தான். டீக்கடையில் ஒருவர் கேட்டார். "இன்னாப்பா பல்லு?"

"விழுந்துட்டேன்."

"மாமனுக்கு ஆவாதுன்னது இதானா! அப்போ கண்டம் கழிஞ்சுது போ!"

அரை மணி நேரத்தில் ஊருக்குள் தீர்ப்பு மாறிவிட்டது. மேல் பல் வந்தது, மாமனின் மேல் பல் போனது, கணக்கு சரி. இனி சேவியரைவிடப் பத்திரமான டிரைவர் பாகூர் கொம்யூன் முழுக்கத் தேடினாலும் கிடையாது.

எல்லோருக்கும் முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வேலம்மாள்தான். இடுப்பிலிருந்த கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். யூகேஜி படிக்கும் மகளை முன்சீட்டில் உட்கார வைத்தாள்.

"பழசெல்லாம் மனசுல வச்சிக்காத சேவியரு. இனிமே எம் பொண்ணு உன் வண்டியிலதான் வருவா."

சேவியருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொந்தத் தம்பி வேன் வைத்திருக்கும்போது தன்னை நம்பி அனுப்புகிறாளே! வண்டி கிளம்பியதும், ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே சிறுமியிடம் கேட்டான்.

"நாலு நாளா உங்க மாமா வேன்ல ஜாலியா போனியா கண்ணு?"

"நான் போவல அங்கிள். மத்தவங்கதான் போனாங்க. என்னை அம்மா ஸ்கூட்டியில கூட்டிக்கினு போச்சு."

"ஏன், மாமா வண்டிக்கு இன்னா?"

சிறுமி பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"எங்க தம்பிப் பாப்பாவுக்கும் மேல் பல்லுதான் அங்கிள் மொதல்ல மொளைச்சுது. மாமாவுக்குத் தெரிஞ்சா பயந்துக்கினு வண்டிய ஓட்டாதுன்னு, அம்மா யாருக்கும் சொல்லல."