தாய்ச்செடிக்கு வந்த வாழ்வு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் மாப்பிள்ளை நலம். அவர் வாங்கி வந்த ஆர்க்கிட் செடி எங்கள் இருவரையும் விட நலம். அண்ணியின் முட்டிவலி குறைந்ததா? குறையாவிட்டாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கிளம்பி வந்து என்னை அழைத்துப் போய்விடுங்கள். பெட்டி கட்டிவிட்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கப் போகிறேன் என்றாரே, இனி நாலு இடம் கூட்டிப் போவார் என்று நம்பினேன். ஒரு நாள் தொட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்து இறங்கினார். விலையைக் கேட்டேன். தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "இது பூவுக்காக வாங்கின செடி இல்லடி, தாய்ச்செடி. பூ சுமாராத்தான் இருக்கும். ஆனா நல்ல செடியோட மகரந்தத்த இதுல சேத்தா, பொறக்குற குட்டி ஒவ்வொண்ணும் ராணி மாதிரி வரும். அதுக்குத்தான் இந்த விலை" என்றார். அண்ணா, நானும் ரெண்டு பெற்றவள்தானே? ரெண்டும் லட்சணமாகத்தானே இருக்கிறது? என் இலையை, சீ, என் முகத்தை என்றைக்காவது இவர் பஞ்சால் துடைத்ததுண்டா? அதன் இலையைத் தினமும் துடைக்கிறார், அதற்கு மழைத்தண்ணீர்தான் ஆகுமாம். ஒரு நாள் காலையில், "ராத்திரி நல்லா தூங்கினியாம்மா?" என்று குரல் கேட்டது. "எங்க தூங்கினேன், ஒரே இடுப்புவலி" என்று அடுப்படியிலிருந்து பதில் சொன்னேன். கேட்டது என்னை அல்ல.

அன்றே அவர் முடிவெட்டப் போன நேரத்தில் அதைத் தூக்கிப் பின்பக்க பால்கனியில், குளிர்காற்று நேராக அடிக்கிற மூலையில் வைத்தேன். சாகட்டும் என்றுதான் வைத்தேன், உங்களிடம் என்ன ஒளிவுமறைவு. வந்து குதித்தார். "காத்தோட்டம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அவர் பாஷையிலேயே அடித்தேன். செடியை அங்கேயே விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் மகாராணி மொட்டு விட்டாள்! இரவில் குளிர் பட்டால்தான் அந்த ஜாதி மொட்டு விடுமாம். நான் பழிவாங்கினால்கூட அவளுக்கு அது உபசாரமாகிவிடுகிறது.

அடுத்து அவளுக்கு மாப்பிள்ளை தேடும் படலம். இவருடைய சிநேகிதர் பல் டாக்டர் தன் செடியின் மகரந்தத்தைக் குட்டிச் சிமிழில் போட்டுக் கொடுத்தார். அது என் ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் குடியிருந்தது. பூத்த அன்று இவர் குளித்து, சட்டை மாற்றி, லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சிமிழைத் திறந்து பல்குச்சியால் எடுத்தார். மகரந்தம் இரண்டு தடவை தரையில். எனக்கே பொறுக்கவில்லை. "தள்ளுங்க, நான் இத்தன வருஷமா ஊசியில நூல் கோத்தவ" என்று பல்குச்சியை வாங்கி, பூவின் வாய்க்குள் ஒட்டவைத்தேன். பூ வாடியது, பின்னால் காம்பு பருத்துக் காய் பிடித்தது.

நேற்று காயைப் பார்க்க வந்த டாக்டர், "இந்தப் புது ரகத்துக்கு என் மிஸஸ் பேரையே வச்சிடலாமா?" என்றார். உங்கள் மாப்பிள்ளை, "தாராளமா டாக்டர்" என்றார். காபி கொண்டுபோன நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அந்தம்மாவுக்கும் அந்தக் காய்க்கும் என்ன சம்பந்தம்? ஒரு நாள் எட்டிப் பார்த்திருப்பாளா? நீங்களே சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம், உங்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
மனம் வெந்துபோன தங்கை.

பி.கு.: அண்ணா, வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் பெட்டியைப் பார்த்துவிட்டார். நேராகப் போய் போனை எடுத்து, "டாக்டர், காய் புடிச்சது என் வீட்டுக்காரி கையால. பேரு அவ பேருதான். நீங்க வேணா ரெண்டு குட்டி எடுத்துக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடுப்படிக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன். பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

இன்னொரு பி.கு. (மறுநாள்): கல்யாணமான நாள் முதல் என்னை "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், ஒரு தடவைகூடப் பெயர் சொன்னதில்லை. இன்று காலையிலிருந்து பால்கனியில் நின்றுகொண்டு, அந்தக் காயைப் பார்த்து என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு வரை தாங்காது. கடிதம் கண்டதும் கிளம்பி வாருங்கள்.