திடீர் என்று ஒரு குடலிறக்கம்

"எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் பக்தவத்சலம் கேட்டபோது நடேசன் உண்மையைச் சொல்லிவிட்டார். எல்லாம் அங்கேதான் கெட்டது.

"மூணு மாசமா சார். இருமினா எலுமிச்சம்பழம் மாதிரி வெளிய வரும். கையால உள்ள தள்ளிக்குவேன்."

டாக்டர் அப்படியே எழுதினார். குடலிறக்கம், மூன்று மாதமாக, அறுவை சிகிச்சை தேவை.

நடேசன் மஸ்கட்டில் பத்தொன்பது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது நாள் லீவில் கோவில்பதாகையிலுள்ள தன் வீட்டுக்கு வந்திருந்தார். கம்பெனி கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் கார்டை ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையில் பெருமையாக நீட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த நிவேதிதா காகிதங்களை அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது.

"அண்ணா, சொந்த ஊர்ல எமர்ஜென்சிக்கு மட்டும்தான் இந்த கார்டு செல்லுமாம். மூணு மாசமா இருக்கிறது எமர்ஜென்சி இல்லையாம். அங்கயே போய்ப் பண்ணிக்கச் சொல்றாங்க."

"அங்க பண்ணா ஒரு மாசம் கிரேன் ஏற முடியாதும்மா. ஏறாதவனை வெச்சிகினு அவன் இன்னா பண்ணுவான்? ஊட்டுக்கு அனுப்சிருவான். அதுக்குத்தான் பல்லைக் கடிச்சிகினு லீவுக்கு வந்தேன்."

மறுபடி டாக்டரிடம் ஓடினார். எழுதியதை அடிக்க டாக்டர் ஒப்பவில்லை. "திடீர்னு அதிகமாச்சுன்னு வேணா சேர்க்கறேன். எதையாவது தூக்கினீங்களா?"

"கேஸ் சிலிண்டர் சார். ஞாயித்துக்கிழமை."

பார்த்த சாட்சி யார் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள். மனைவி நாகவல்லியின் பெயரைக் கொடுத்தார். அவளிடம் விஷயத்தைச் சொல்வதற்குள் அவர்களே அவளுக்குப் போன் போட்டுவிட்டார்கள். நாகவல்லி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"சிலிண்டரா? அவரா? பத்தொம்பது வருசமா நான்தான் சார் தூக்கறேன். எனக்கு ஒண்ணும் பிதுங்கல."

நடேசன் சமையலறை வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடியே சொல்லிருந்தா நானும் ஒரு பொய் சொல்லிருப்பேன்ல?" என்றாள் போனை வைத்துவிட்டு.

அன்று மாலை மஸ்கட்டிலிருந்து அறைத் தோழர் முகமது இஸ்மாயில் கூப்பிட்டார். "இன்னா மாமே பண்ணிகினு கீறே? கார்டுல போற பேப்பர் ஆபீசுக்கும் போவுமாம். ஹெர்னியான்னு தெரிஞ்சா உன்னை கிரேன்ல ஏத்துவானா? ஒடம்பு நல்லா கீதுன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி ஆபீசுக்குத் தட்டிவுடு."

மறுநாள் காலையிலேயே நடேசன் கிளம்பினார். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்பத்தூரில் தன்னைத் தெரியாத ஒரு கிளினிக்குக்குப் போனார். "இருமுங்க" என்றார் அந்த டாக்டர். தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல நடேசன் இருமினார். பூரண ஆரோக்கியம், பளு தூக்கத் தகுதியானவர் என்று சான்றிதழ் கிடைத்தது. செல்போனில் அதை ஆபீசுக்கு அனுப்பும்போது, பதற்றத்தில் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

ஆபீஸ் பதில் போடவில்லை. இன்சூரன்ஸ் போட்டது.

நிவேதிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள். "நீங்க பூரண ஆரோக்கியமா இருக்கறதுல அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்ணா. அப்போ ஆபரேஷன் எதுக்குன்னு கேக்கறாங்க."

லீவு முடிய ஒன்பது நாள் இருந்தது. ஆபரேஷனாவது ஒன்றாவது, இன்னொரு வருஷம் கையால் தள்ளிக்கொண்டே ஓட்டிவிடலாம் என்று நடேசன் முடிவு செய்தார். பெட்டி கட்டவும் ஆரம்பித்தார்.

நாலாம் நாள் காலை, குளிக்கும்போது வெளியே வந்தது உள்ளே போகவில்லை. தள்ளத் தள்ளக் கல்லாக இறுகியது. வாந்தி எடுத்துச் சுருண்டவரை நாகவல்லி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

பக்தவத்சலம் தொட்டுப் பார்த்ததுமே நர்சைக் கூப்பிட்டார். "குடல் மாட்டிக்கிச்சு. உடனே திறக்கணும். விட்டா அழுகிடும்."

வலியில் கண் இருண்ட நிலையிலும் நடேசனின் முகம் தெளிந்தது.

"சார், இது எமர்ஜென்சிதானே?"

"இதுக்கு மேல எமர்ஜென்சி இல்ல."

"கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க சார்."

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கணக்குப் போட்டார். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் படுக்கை. லீவை நீட்டிக்க ஒரு கடிதம். ஊரில் திடீரென்று வந்ததற்குக் கம்பெனி என்ன செய்யும்? அப்புறம் பழையபடி கிரேன். பக்கத்தில் நாகவல்லி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"அழாத நாகு. இந்த வாட்டி ஒரு பொய்யும் சொல்லல. ஒடம்பும் தப்பிக்கும், வேலையும் தப்பிக்கும்."

நிவேதிதா கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா? இதையும் எமர்ஜென்சி இல்லன்றானா?"

"எமர்ஜென்சிதான்னு ஒத்துக்கிட்டாங்கண்ணா, ஆனா நீங்க லீவுக்கு ஃப்ளைட் ஏறின அன்னிக்கே கம்பெனி உங்களை வேலையிலேர்ந்து எடுத்துட்டதால அன்னிக்கே கார்டும் செத்துப்போச்சாம், இவங்க இன்னிக்குத்தான் பார்த்தாங்களாம்."