ஒரு கட்டில், இரண்டு போர்வை

"இங்க வா. சத்தம் போடாம வா."

மகளின் அறை வாசலில் நின்று கிசுகிசுத்தார் சர்வேயர். கையில் ஒரு ட்யூப்லைட். அதை மாற்றத்தான் உள்ளே போனார். மகளும் மாப்பிள்ளையும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். கிசுகிசுக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் கிசுகிசுத்தார்.

அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, கரப்பானா?"

"கட்டிலைப் பாரு."

"பாத்தாச்சு."

"என்ன தெரியுது?"

"கட்டில் தெரியுது."

"ரெண்டு போர்வை! இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சாம்பல். நடுவுல ஒரு முழம் காலி. கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆச்சு. எட்டே மாசம்!"

அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட காரை இரண்டு சுற்றுச் சுற்றி வருவார், நசுங்கலை விரலால் தடவுவார். 'யாரோ வந்து இடிக்கல. நீங்கதான் ரிவர்ஸ்ல போய் இடிச்சிருக்கீங்க' என்று வண்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வருட அனுபவம். தடயத்தைப் பார்த்தால் மோதல் கண்முன்னே ஓடும்.

இப்போதும் ஓடியது.

"அவங்க ஊர் வழக்கமா இருக்கும்" என்றாள் மனைவி.

"நம்ம வீட்ல போர்வைக்கா பஞ்சம்? பெட்டியில அடைச்சுக் கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்காங்க, தனித்தனியா. யோசிச்சுப் பாரு. திடீர்னு ஒரே வரியில மெசேஜ், 'ஒரு வாரம் லீவு, வர்றோம்'னு. எதுக்கு வந்தாங்க?"

"நம்மளைப் பாக்க."

"நம்மகிட்ட சொல்ல! பிரியப் போறோம்னு நேர்ல சொல்ல!"

மனைவி அடுப்படிக்குப் போனாள். அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காரணம் இருந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை ஒத்துவருவாரா என்று அவள் தயங்கியபோது, வீடியோ காலில் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல கண்டிஷன்ல இருக்கான், தைரியமா முடி" என்று சர்டிபிகேட் கொடுத்தவரே அவர்தான்.

இன்று புதன். ஞாயிறு காலை விமானம். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

முதல் காரியமாக நீலப் போர்வையைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றினார். ஒரே போர்வை என்றால் ஒன்றாகத்தானே ஆகவேண்டும்?

வியாழன் காலை காப்பிக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்து அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். வளையங்கள் கலகலவென்று ஒலித்தன. மூக்கு தக்காளி மாதிரி இருந்தது.

"வணக்கம் மாமா. தாங்கள் நன்கு உறங்கினீர்களா?"

மாப்பிள்ளை மொபைல் பார்த்துத் தமிழ் கற்ற வெளிநாட்டுக்காரர். மேடை ஏறின மாதிரிதான் பேசுவார்.

பின்னாலேயே மகள் வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "அப்பா, அவர் போர்வை எங்க?"

"துவைக்கப் போட்டேன்மா. அழுக்கா இருந்துது."

"புதுப் போர்வைப்பா அது! ராத்திரி பூரா என் போர்வைக்கு இழுபறி. இவர் இழுக்க, நான் இழுக்க… கடைசியில பேச்சு வார்த்தையே நின்னுபோச்சு. ஒரு போர்வையை ரெண்டு பேர் போர்த்திக்கிட்டா எப்படிப்பா தூங்கறது? அங்கெல்லாம் எல்லார் வீட்லயும் ஆளுக்கு ஒண்ணுதான். ஒரே கட்டில், ரெண்டு போர்வை. அதுதான் நிம்மதி."

மகள் போனதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? எல்லார் வீட்லயும் அப்படித்தானாம். முன்பக்கம் நசுங்கின காரைக் கொண்டு வர்றவனும், கம்பெனியிலேயே இப்படித்தான் சார் குடுத்தாங்கன்னு சொல்லுவான்."

"நல்லா இருந்த ஜோடியை நீங்கதான் இப்ப நசுக்கி வெச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. "போர்வையை எடுத்துக் குடுங்க மொதல்ல."

எடுத்துக் கொடுத்தார். ஆனால் சந்தேகம் போகவில்லை. அன்று மத்தியானம் அது இன்னும் கூடியது.

ஹாலில் மாப்பிள்ளை தனியாக நின்று சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சர்வேயர் தூங்கும் சோபா. மகள் படிக்க வெளிநாடு போன அந்த வருடமே மனைவி அவரை ஹாலுக்கு மாற்றிவிட்டாள். அவர் குறட்டைக்கு அறைக்கதவே அதிர்ந்ததாம். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. எதிரே டிவி, தலைக்கு மேல் ஃபேன். மகள் வீடியோ காலில் கூப்பிட்டால் இவர் சோபாவிலிருந்து பேசுவார், மனைவி அறையிலிருந்து பேசுவாள். ஆறு வருடமாக அப்படித்தான்.

மாப்பிள்ளை சோபாவை மொபைலில் ஒரு போட்டோ எடுத்தார். பெருமூச்சு விட்டார். பிறகு சர்வேயரைப் பார்த்துத் திடுக்கிட்டு, "மாமா, தங்கள் மனம் நலமா?" என்றார்.

"நலம்தான் மாப்பிள்ளை. உங்க மனசு?"

"என் மனம் மிகவும் வருந்துகிறது" என்று சொல்லிவிட்டு, அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் பால்கனியில் மகள் குரல் கேட்டது. "இதைப் பெரியவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியல. அப்பா உடைஞ்சு போயிடுவாரு."

சர்வேயர் அங்கேயே பாதி உடைந்தார்.

வெள்ளிக்கிழமை, இரண்டாவது வைத்தியம். மேட்னி ஷோவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்து மாப்பிள்ளை கையில் வைத்தார். "நீங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வாங்க. மூணு மணி நேரம். மூலை சீட்."

மாப்பிள்ளையும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். டிக்கெட்டை மாமனார் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார்.

"இல்லை மாமா. தாங்களும் அத்தையும் செல்லுங்கள்."

"எங்களுக்கு எதுக்கு? வயசான காலத்துல…"

"போங்கப்பா! ப்ளீஸ்!" மகள் கிட்டத்தட்டக் கெஞ்சினாள். அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள். ஆட்டோவைக் கூப்பிட்டாள். இருவரையும் உள்ளே தள்ளிக் கதவில்லாத ஆட்டோவுக்குக் கதவு சாத்துகிற மாதிரி குறுக்கே நின்றாள்.

"பாத்தியா?" தியேட்டர் மூலையில் உட்கார்ந்து அவர் முனகினார். "மூணு மணி நேரம் பக்கத்துப் பக்கத்துல உக்காரக்கூட முடியல அதுங்களால."

"படத்தைப் பாருங்க."

படம் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் அவர் தூங்கிப்போனார். இடைவேளைக்கு முன்பே முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வீடு திரும்பினால் சோபா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு காலைக் காணோம்.

"தானாகவே உடைந்தது மாமா" என்றார் மாப்பிள்ளை, கூரையைப் பார்த்தபடி.

சர்வேயர் மண்டியிட்டுப் பார்த்தார். விரலால் தடவினார். தானாக உடைந்தால் மரம் பிளந்திருக்கும். இங்கே நான்கு திருகாணிகளும் அழகாகக் கழற்றப்பட்டு, ஒரு கிண்ணத்தில் கிடந்தன.

"கோபம்" என்று மனைவியிடம் தீர்ப்புச் சொன்னார். "நாம இல்லாத நேரத்துல பெரிய சண்டை. உதைச்சிருக்கான்."

"உதைச்சா திருகாணி கிண்ணத்துல போய் விழுமா?"

"நீ குறுக்கே பேசாத."

"சரி, இன்னிக்கு எங்க படுப்பீங்க? உள்ள வந்துடுங்களேன்" என்றாள் மனைவி. மகளும் மாப்பிள்ளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

"எதுக்கு? தரை எங்க போச்சு?" என்று ஹாலிலேயே பாயை விரித்தார். மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை. கடைசி நாள். குளித்துவிட்டு வந்து ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று பார்த்தால், அவருடைய பழுப்புக் கட்டம் போட்ட போர்வையைக் காணோம். அறைக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "என்னங்க, என் மஞ்சப்பூப் போர்வையைப் பாத்தீங்களா?"

அவர் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சு போச்சு."

"என்ன முடிஞ்சு போச்சு?"

"அதுங்கதான் எடுத்திருக்குங்க. ரெண்டு நாலாயிடுச்சு. புரியலையா உனக்கு? ஊருக்குப் போனதும் தனித்தனி வீடு. ஆளுக்கு ரெண்டு போர்வை. ஒண்ணு துவைக்கப் போட்டா இன்னொண்ணு வேணுமில்ல?"

இந்தத் தடவை அவளுக்கும் முகம் மாறியது. "என்னங்க, நிஜமாவா? கேட்டுடலாமா?"

"கேட்டா 'ஆமா'ன்னு சொல்லிட்டா? அப்புறம் என்ன செய்வே?"

மகள் சின்ன வயதில் மிதிவண்டி கற்றபோது, பின்னால் பிடித்துக்கொண்டே ஓடியவர் அவர். விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிக்கொண்டே பிடித்திருப்பார்.

மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வெளியே போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. சர்வேயர் விருட்டென்று எழுந்தார். அவர்கள் கட்டிலில் இருந்த நீலத்தையும் சாம்பலையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, தெருமுனைத் தையல் கடைக்கு ஓடினார்.

"மாஸ்டர்! அவசரம். இந்த ரெண்டையும் சேர்த்துத் தைச்சு ஒண்ணாக்கணும். இப்பவே. யார் இழுத்தாலும் பிரியக்கூடாது."

மிதிப்பதை நிறுத்திய தையல்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இரண்டு போர்வைகளையும் பார்த்தார். அப்புறம் சர்வேயரைப் பார்த்தார்.

"மூணு தையலாப் போட்டுடவா சார்?"

"போடுங்க. நாலாக்கூடப் போடுங்க. ஒரு குடும்பமே இதுலதான் இருக்கு மாஸ்டர்."

"தெரியும் சார்" என்றார் தையல்காரர், தழுதழுத்த குரலில்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தையல்காரர் குனிந்து, மெஷினுக்கு அடியிலிருந்து மடித்து வைத்த ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழுப்புக் கட்டமும் மஞ்சள் பூவும், நடுவில் மூன்று தையலோடு, ஒன்றாக இருந்தன.

"இதையும் கையோட எடுத்துட்டுப் போங்க சார். 'எங்க மாமா ஆறு வருஷமா ஹால்ல தனியாப் படுக்கறாரு, வீடியோ கால்ல பாத்துப் பாத்து மனசு கேக்காமதான் வந்தோம், நாளைக்குக் கிளம்பறதுக்குள்ள அவரையும் அத்தையையும் சேர்த்து வெச்சுட்டுத்தான் போவோம்'னு உங்க மாப்பிள்ளை காலையில இங்க உக்காந்து ஒரே அழுகை."